அணைக்கு உதடு முளைத்த கதை

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிப் பக்கம் இரண்டு சேதிகளுக்குத்தான் மவுசு. குற்றாலம் பேரருவியில் குளிக்க விடுகிறார்களா, தடையா என்பது ஒன்று. அணைகளில் தண்ணீர் எத்தனை அடி என்பது இன்னொன்று. கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, அடவிநயினார் 132, குண்டாறு 36.10 என்று முழுக் கொள்ளளவு உயரங்களை டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறவர்கள் பார்க்காமலே ஒப்பிப்பார்கள். “குண்டாறு வழிஞ்சிட்டாம்லா” என்று யாராவது சொன்னால் சீசன் களைகட்டிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் எத்தனை அடி என்று கேட்கிற நாம் அந்தத் தண்ணீருக்குள் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று கேட்பதில்லை. நாம் மட்டுமில்லை, அணை கட்டுவதில் கரைகண்ட அமெரிக்கர்களும் ரொம்ப நாள் கேட்கவில்லை. அவர்களைக் கேட்கவைத்தது 1968-ல் செத்து ஒதுங்கிய மீன்கள். அந்தச் சாவிலிருந்து பிறந்தது ஒரு கான்கிரீட் திண்டு. அணையின் மறுகால் சரிவில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பத்துப் பன்னிரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தட்டாது. ஆபீஸ் காகிதங்களில் அதற்கு ‘டிஃப்ளெக்டர்’ என்று பெயர். தளத்தில் நிற்கிற பொறியாளர்கள் ‘ஃப்ளிப் லிப்’ என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு உதடு என்று வைத்துக்கொள்வோம்.

கொலம்பியா ஆறு கனடாவில் பிறந்து, வாஷிங்டன், ஒரேகான் மாநிலங்களுக்கு எல்லை போட்டபடி பசிபிக் கடலுக்குப் போகிறது. கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் முட்டையிட இந்த ஆற்றில்தான் எதிர்நீச்சல் போட்டு ஏறும். நடுவழியில் செலிலோ என்றொரு அருவி இருந்தது. பாறைகளுக்கு மேல் மரத்தட்டி கட்டி, அதில் நின்று நீளக் கம்பு வலையால் சால்மனை அள்ளிய பழங்குடிகளுக்கு அது ஆயிரக்கணக்கான வருஷத்துச் சொத்து. 1957 மார்ச் 10-ம் தேதி ‘தி டாலஸ்’ அணையின் ஷட்டர்களை இறக்கினார்கள். சில மணி நேரத்தில் அருவி தண்ணீருக்குள் போய்விட்டது. குற்றாலத்துக்காரனுக்கு அந்த ஒரு வரியே போதும், அங்கே என்ன நடந்திருக்கும் என்று விளங்க.

அதற்கு அடுத்து மேலே எழுப்பியது ஜான் டே அணை. 1968 வசந்தத்தில் நீர்த்தேக்கம் நிரம்பியது. 16 டர்பைன்களுக்குத் திட்டம். எல்லாம் பொருத்தி முடிந்ததென்னவோ 1971-ல்தான். ஆனால் பனி உருகி வருகிற வெள்ளம் டர்பைன் வரும்வரை காத்திருக்காதே! கிட்டத்தட்ட மொத்த ஆற்றையும் ஷட்டர் வழியாக மறுகால் விட்டார்கள். பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று பிரமாதமாக இருந்திருக்கும். அணைக்குக் கீழே ஆற்றில் கரைந்திருந்த நைட்ரஜனை அளந்தபோது 123 முதல் 143 சதவீதம் வந்தது. திறந்த வெளியில் தண்ணீர் தானாக எவ்வளவு காற்றைத் தாங்குமோ, அது 100. அதற்கு மேல் இருப்பதெல்லாம் திணித்தது.

திணித்ததை மீனின் உடம்பு தாங்கவில்லை. துடுப்புச் சவ்வில் கடுகளவு குமிழ்கள். கண் பிதுங்கி வெளியே தள்ளியது. செவுளின் மெல்லிய ரத்த நாளங்களில் குமிழ் அடைத்து, சுற்றிலும் ஆக்சிஜன் கொட்டிக் கிடக்கும் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்தது.

இந்த நோய் அப்போது புதிதில்லை. 1670 வாக்கில் ராபர்ட் பாயில் ஒரு விரியனைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தபோது, அதன் கண்ணுக்குள் குமிழ் ஒன்று இப்படியும் அப்படியும் நகர்வதைப் பார்த்து எழுதிவைத்தார். மீனுக்கு வந்தது தெரியவந்த இடம் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் மீன் காட்சியகம். தொட்டி மீன்கள் காரணம் தெரியாமல் குமிழ் கட்டிச் செத்தன. தேடிப்போனால், பம்பின் உறிஞ்சு குழாயில் ஓட்டை! நம் விவசாயி “மோட்டார் ஏர் பிடிக்கிது” என்று அலுத்துக்கொள்வாரே, அதேதான். ஓட்டை வழியே புகுந்த காற்றைப் பம்பு அமுக்கித் தண்ணீரில் கரைத்துவிட்டது. மார்ஷ், கோர்ஹாம் என்ற இருவர் 1905-ல் இதை விரிவாக எழுதினார்கள். அத்தோடு அது மீன் வளர்ப்புப் பண்ணைக்காரர்களின் தலைவலி என்று ஒதுங்கிக்கொண்டது. ஒரு பேராறே அந்தப் பம்பாக மாறும் என்று யார் நினைத்தார்கள்?

இதில் வேலை செய்வது 1803-ல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும். கோலி சோடா அப்படித்தான் உருவாகிறது. கோலியைத் தட்டியதும் பொங்குவது, அழுத்தம் போனபின் தண்ணீரால் தாங்க முடியாத மிச்சம். ஆற்றில் கோலியின் வேலையை ஆழம் செய்கிறது. தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய பத்து சதவீதம் அழுத்தம் கூடும். பத்து மீட்டரில் இரட்டிப்பு. மேலேயிருந்து விழும் தண்ணீர் காற்றுக் குமிழ்களை இழுத்துக்கொண்டு பத்து மீட்டர் ஆழத்துக்குப் பாய்ந்தால், குமிழ்கள் அங்கே நசுங்கிக் கரைந்துவிடும். தண்ணீர் மேலே வந்தபின்தான் வினை. தூத்துக்குடியில் கம்ப்ரசர் காற்றை இழுத்தபடி ஆழத்தில் சங்கு எடுத்துவிட்டு விறுவிறுவென்று மேலே வருகிறவர்களுக்கு மூட்டு முடங்கிப் போகிறதே, அதுவும் இதே கணக்குத்தான்.

விழும் உயரம் இதில் அவ்வளவு பெரிதில்லை என்பதை அந்தக் காலத்து அணைக்காரர்கள் கவனிக்கவில்லை. விழுந்தபின் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பதே முக்கியம். பேரருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். ஆனால் தண்ணீர் ஒரே மூச்சில் தரைக்கு வருவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் பள்ளத்தில் மோதி, பொங்கி வழிந்து, பாறை முழுக்கப் படர்ந்து, நாம் நிற்கிற இடத்தில் வந்து சிதறுகிறது. கீழே முங்குவதற்கு மடு இல்லை. பொங்குமாங்கடலில் கொஞ்சம் காற்று கூடுதலாகக் கரைந்திருந்தாலும், மெல்லிய தகடாகப் பாறையில் இறங்கும்போதே அது வெளியேறிவிடும். ஐந்தருவியில் கேட்கவே வேண்டாம், ஐந்தாகக் கிழிந்து வருகிறது.

ஜான் டேயில் நிலைமை நேர்மாறு. அணையின் அடித்தளத்தை வெள்ளம் அரித்துவிடக் கூடாதென்று சரிவின் அடியில் ஆழமான தணிப்புத் தொட்டி கட்டியிருப்பார்கள். பாய்ந்துவரும் தண்ணீர் அதற்குள் முட்டி மோதி வேகம் அடங்கட்டும் என்பது ஏற்பாடு. கட்டுமானத்துக்கு அது தங்கமான யோசனை. மீனுக்கு எமன். அதோடு போயிருந்தால்கூடச் சமாளிக்கலாம். கல்லும் முள்ளுமாக ஓடுகிற ஆறாக இருந்தால் கொஞ்ச தூரத்தில் மிச்சக் காற்றை உதறியிருக்கும். கொலம்பியாவில் ஓர் அணை முடிகிற இடத்தில் அடுத்த அணையின் தேக்கம் தொடங்குகிறது. அசையாமல் கிடக்கும் ஆழத் தண்ணீர் காற்றை வெளியே விடாது. அந்தப் பாரத்தோடேயே அடுத்த மறுகாலில் போய் விழும்.

இதை ஆறு நெடுக அளந்து காட்டியவர் வெஸ்லி ஈபெல், அமெரிக்க மீன்வளத் துறையின் உயிரியலாளர். 1969-ல் வெளியான அவருடைய ஆய்வு இரண்டு விஷயங்களைத் தீர்த்துச் சொன்னது. வெயிலில் தேக்கம் சூடாவதால் வந்த வினை இல்லை, மறுகால்தான் காரணம். டர்பைன் வழியாகப் போன தண்ணீரில் காற்று கூடவே இல்லை.

இவ்வளவு தாமதமாக இது ஏன் தெரியவந்தது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆற்று நீரின் ‘மூச்சை’ அளக்க உலகம் முழுக்கப் புழங்கிய முறை 1888-ல் புடாபெஸ்டில் லாயோஷ் வின்க்லர் தந்தது. வேதியியல் படித்தவர்கள் கல்லூரியில் செய்திருப்பீர்கள். கண்ணாடிக் குப்பியில் குமிழ் இல்லாமல் தண்ணீர் பிடித்து மாங்கனீசு சல்பேட்டும் அயோடைடு கலந்த காரமும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் பழுப்பு வண்டல் திரண்டு இறங்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் வண்டல் வெள்ளையாகவே நிற்கும். அமிலம் விட்டதும் பழுப்பு கரைந்து மஞ்சளாகும். ஸ்டார்ச் விட்டால் கருநீலம். பிறகு பியூரெட்டிலிருந்து தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எந்தச் சொட்டில் நீலம் மறைகிறது என்று கண் கொட்டாமல் பார்க்கவேண்டும். எத்தனை அழகான சோதனை! ஆனால் அது ஆக்சிஜனை மட்டுமே பிடிக்கும். காற்றில் 78 சதவீதமான நைட்ரஜன் எதோடும் ஒட்டாத ஆசாமி, வின்க்லரின் குப்பிக்குள் இருந்தும் இல்லாததுபோல் நழுவிவிடுவான். மறுகாலுக்குக் கீழே அந்தச் சோதனையைச் செய்தால் ஆக்சிஜன் தாராளமாகக் காட்டும். ஆறு ஆரோக்கியமாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம்.

காரணம் தெரிந்தாயிற்று, வைத்தியம் என்ன? அணைகள் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கையில் இருந்தன. மறுகாலையே குறைத்துவிடலாம் என்பது முதல் யோசனை. டர்பைன் வராமல் காலியாகக் கிடந்த அறைகளின் வாயில் துளையிட்ட இரும்புத் தடுப்புகளை மாட்டி, அந்த வழியாகத் தண்ணீரை அனுப்பிப் பார்த்தார்கள். காற்று குறைந்தது. ஆனால் கடலுக்கு இறங்கும் சால்மன் குஞ்சுகள் அந்தத் துளைகளில் அடிபட்டுச் செத்தன. குமிழிலிருந்து காப்பாற்றி அரைத்துக் கொன்ற கதையாகிப்போனதால் அதைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது யோசனைதான் உதடு. பான்வில் அணையை ஒட்டியிருந்த நீரியல் ஆய்வுக்கூடத்தில் அணைகளின் சின்ன மாதிரிகளைக் கட்டித் தண்ணீர் ஓட்டிப் பார்த்தார்கள். மறுகால் சரிவில் வேகமாக இறங்கும் தண்ணீரை, கீழ்மட்ட நீரைத் தொடுகிற இடத்தில் ஒரு திண்டு படுக்கைவாட்டில் திருப்பிவிட்டால், அது ஆழத்துக்குப் பாயாமல் மேற்பரப்பை உரசியபடி முன்னே ஓடும். நுரை நுரையாகத்தான் போகும், ஆனால் நுரை மேலேயே இருக்கும். நசுங்க ஆழம் இல்லாத குமிழ், கரையாமல் வெடித்துக் காற்றோடு போய்விடும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. திண்டை எந்த மட்டத்தில் வைப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். கீழ்மட்ட நீர் உயர்ந்துவிட்டால் உதடு ரொம்ப ஆழத்தில் மூழ்கிப் பயனற்றுப்போகும். தாழ்ந்துவிட்டால் தண்ணீர் உதட்டிலிருந்து அந்தரத்தில் எகிறிக் குதித்து மறுபடி ஆழத்துக்கே போகும். ஆறு நாளுக்கொரு மட்டத்தில் ஓடுகிறது. கான்கிரீட் ஒரே மட்டத்தில் நிற்கிறது. வழக்கமாக வருகிற வெள்ளம் எதுவோ, அதற்கேற்ப ஒரு மட்டத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டியதுதான். பெருவெள்ளத்தில் உதடு கைவிட்டுவிடும். தவிர, தொட்டிக்குள் அடங்கவேண்டிய வேகம் அடங்காமல் முன்னே ஓடுவதால் அணையடியில் சுழல் மாறும், கற்களை உள்ளே இழுத்துவந்து தொட்டியைத் தேய்க்கும். மீனுக்காக அணையின் பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பேரம் இது. அணைப் பொறியாளர்கள் அப்படியொரு பேரத்துக்கு வந்ததே அன்றைக்குப் பெரிய விஷயம் என்பேன்.

1970-களின் தொடக்கத்தில் கொலம்பியாவின் துணையாறான ஸ்நேக்கில், லோயர் மான்யூமென்டல் அணையில் ஒத்திகை நடந்தது. அதே பத்தாண்டின் நடுவில் பான்வில், மெக்நேரி, லிட்டில் கூஸ், லோயர் கிரானைட் என்று வரிசையாக உதடு முளைத்தது. டர்பைன்களும் வந்துசேர்ந்தன, மேலே கனடாவில் கட்டிய அணைகள் வெள்ளத்தைத் தேக்கிவைத்தன, மறுகால் குறைந்தது. இவ்வளவுக்கும் காரணமான ஜான் டேக்கு உதடு கிடைத்தது 1990-களின் கடைசியில்! முப்பது வருஷம்.

அர்ஜென்டினாவுக்கும் பராகுவேக்கும் பொதுவான யாசிரெட்டா அணையில் 1994-ல் இதே கதை திரும்ப நடந்தது. பரானா ஆற்றில் மீன்கள் குமிழ் கட்டிச் செத்தன. அங்கேயும் பின்னால் உதடு வைத்தார்கள். யாரும் அடுத்தவன் அணையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை போலிருக்கிறது.

அணை ஆற்றுக்குச் செய்யும் கெடுதல் காற்றைத் திணிப்பதோடு நிற்பதில்லை. அதே அணை காற்றைப் பிடுங்கவும் செய்யும். ஆழமான தேக்கத்தில் வெயில் காய்ந்த மேல்தண்ணீர் லேசாகி மேலேயே மிதக்கும். குளிர்ந்த அடித்தண்ணீர் கனத்துக் கீழே கிடக்கும். இரண்டும் கலக்காது. அடியில் இலையும் மரமும் மக்கும்போது இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை வாடை வரும். இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். அடிமதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான் ஆற்றுக்குப் போகும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிரெஞ்சு கயானாவில் பெத்தி சோ அணை 1994-ல் காட்டை வெட்டாமலேயே நிரப்பப்பட்டது. முழுகிய காடு அழுகி மீத்தேன் கிளம்பியது, கீழே சின்னமரி ஆற்றில் ஆக்சிஜன் விழுந்தது. லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்கவேண்டும் என்பதற்காக அணைக்குக் கீழே குறுக்கே ஒரு தடுப்பு கட்டி, தண்ணீரை அதன் மேலிருந்து விழவைத்தார்கள். விழும்போது மீத்தேன் வெளியேறும், ஆக்சிஜன் உள்ளே ஏறும். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-ல் எதைப் பார்த்து உருவானதோ, அந்த அமெரிக்க டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் 1991-ல் சவுத் ஹோல்ஸ்டன் அணைக்குக் கீழே மடிப்பு மடிப்பாக ஒரு தடுப்பு கட்டி, ஆற்றை ஆளுயரத்திலிருந்து விழவைத்தது. அதாவது கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு குட்டி அருவி செய்தார்கள்.

நோய் இரண்டும் எதிரெதிர். மருந்து என்னவோ ஒன்றுதான்: தண்ணீரை மெலிதாக விரித்து, ஆழமில்லாத இடத்தில் விழவை. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கட்டியவர்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பத்தான் கட்டினார்கள்; காற்றைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. ஆனாலும் மேலே பாபநாசம், சேர்வலாறு தேக்கங்களில் 140, 150 அடி ஆழத்தில் கிடந்த தண்ணீருக்கு, கீழே ஒவ்வொரு அணைக்கட்டும் ஒரு மூச்சு வாங்கும் இடம். குறைந்திருந்தால் ஏறும், கூடியிருந்தால் இறங்கும். குற்றாலத்துச் சிற்றாறு அதற்கும் மேலே பாறை பாறையாக உருண்டு வந்து, சீவலப்பேரியில் பெரிய ஆற்றோடு சேருவதற்குள் எத்தனையோ தடவை மூச்சு விட்டுவிடும். குண்டாற்றின் மறுகாலோ அடவிநயினாரின் மறுகாலோ விழுகிற இடத்தில் ஜான் டே மாதிரி ஆழத் தொட்டியும் இல்லை, அடுத்த தேக்கமும் இல்லை. எனவே நம்மூர் அணைகளில் நான் கவலைப்படுவது திணித்த காற்றைப் பற்றி அல்ல; கோடையில், மட்டம் இறங்கியபின், அடிமதகு வழியே வரும் தண்ணீரைப் பற்றித்தான். 1954-ல் ஈ. ஜி. சைலஸ் உலகுக்கு அறிமுகப்படுத்தி, ஆற்றின் பெயரையே சூட்டிய ஒரு கெண்டை வகை இந்தத் தாமிரபரணித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. நீர்மட்டப் பட்டியலில் அடிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, மதகுக்குக் கீழே ஆக்சிஜன் எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்தால் என்ன? வின்க்லர் சோதனைக்கு ஒரு கல்லூரி ஆய்வகமே போதும்.

கொலம்பியாவில் கதை இப்போது தலைகீழாகிவிட்டது. கரைந்த வாயு 110 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1970-களில் விதி செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, கடலுக்கு இறங்கும் குஞ்சுகளுக்கு டர்பைனைவிட மறுகால் வழிதான் பிழைக்கத் தோதானது என்று. ஆகவே மீனுக்காகவே ஷட்டரைத் திறக்கவேண்டும். திறந்தால் காற்று கூடும். வரம்பை 115, 120 என்று தளர்த்தி, வசந்த காலத்துக்கு இப்போது 125 வரை அனுமதித்திருக்கிறார்கள். மின்சாரக்காரர்களுக்கு ஒவ்வொரு ஷட்டரும் காசு. பழங்குடிகளுக்கும் மீன் ஆர்வலர்களுக்கும் 125-ம் போதவில்லை. வழக்கு கோர்ட்டுக்கும் பேச்சு மேசைக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு நடுவே தினசரி வேலை ஒன்று நடக்கிறது. அணைகளில் குஞ்சுகளைப் பிடித்து, மயக்கம் கொடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கடியில் துடுப்பை விரித்துப் பார்க்கிறார்கள். எலும்புக் கதிர்களுக்கு நடுவே சவ்வில் குமிழ் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். பார்த்ததில் 15 சதவீத மீன்களின் துடுப்பில் குமிழ் தெரிந்தாலோ, 5 சதவீதத்துக்கு அது முற்றியிருந்தாலோ மறுகாலைக் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது கணக்கு.